மச்சான் மூச்சு விடவில்லை

எங்க டைரக்டருக்கு எது பெரிசா இருக்கோ அதுதான் நல்லது. அவர் மேஜை பெரிசு, காபி குடிக்கிற கப் பெரிசு, வாசல்ல மாட்டியிருக்கிற போர்டு ஆபீஸை விடப் பெரிசு. உள்ள வந்து பார்த்தா ரெண்டு ரூம், ஒரு மீட்டிங் ஹால், ஏழெட்டு பேர், அவ்வளவுதான். தொழிற்சாலைகளுக்கும் குடோன்களுக்கும் பாதுகாப்புக் கருவி செஞ்சு கொடுக்கிறது எங்க தொழில். நான் அங்க இன்ஜினியர். எனக்கு வாய் நீளம்னு டைரக்டர் சொல்லுவார். அவர் சொன்னதுல நான் மறுபேச்சு இல்லாம ஒத்துக்கிட்டது அது ஒண்ணுதான்.

எங்களுக்கு ஒரு லாரி யார்டுல இருந்து வேலை வந்தது. பெரிய யார்டு, சுத்தி ஜல்லி, நடுவுல வரிசையா லாரி. வெயில் ஏறினா அங்க நிழல்னு ஒண்ணை லாரிக்கு அடியிலதான் தேடணும். லோடு ஏத்தச் சொல்லிக் கூப்பிடற வரைக்கும் டிரைவருங்க அங்கதான் அட்டையை விரிச்சுப் படுப்பாங்க. போன வருஷம் அப்படிப் படுத்திருந்த ஒருத்தரைக் கவனிக்காம வேற ஒரு டிரைவர் வண்டியை எடுத்துட்டார். படுத்திருந்தவருக்கு ஒரு கால் போச்சு. ஆள் உயரம்கிறதால எல்லாரும் அவரை நெட்டைன்னு கூப்பிடுவாங்க. இப்ப கட்டையை ஊணிக்கிட்டு அதே யார்டுல கேட்டைத் திறந்து மூடற வேலை பார்க்கிறார்.

அதுக்கப்புறம்தான் யார்டு முதலாளி அம்மாவுக்கு ஞானம் வந்து எங்களைக் கூப்பிட்டாங்க. லாரிக்கு அடியில ஒரு சென்சார் வைக்கணும். அடியில ஆள் இருந்தா டிரைவர் முன்னாடி சிவப்பு லைட் எரியணும், சாவியைத் திருகினாலும் இன்ஜின் ஓடக்கூடாது. ஆள் இல்லைன்னா பச்சை எரியும், வண்டியை எடுக்கலாம்.

அந்த யார்டுல என் அண்ணனும் டிரைவர். அன்னிக்கு நெட்டைக்குப் பக்கத்துலயே படுத்திருந்தவன். சக்கரம் இவன் தலைமாட்டை ஒட்டி உருண்டு போயிருக்கு. நெட்டை ஆஸ்பத்திரியில இருக்கும்போதே இவன் மறுபடியும் லாரிக்கு அடியில போய்ப் படுத்தான். அண்ணி அழுது பார்த்தாங்க, நான் கத்திப் பார்த்தேன். வேற எங்க படுக்கிறது, உன் தலையிலயான்னு கேட்டான். அதனால மத்தவங்களுக்கு இது ஒரு ஆர்டர், எனக்கு எங்க அண்ணன். அந்தப் பச்சை லைட் ஒரு தரம் தப்பா எரிஞ்சா போறது எங்க வீட்டு ஆள்.

முதல் மீட்டிங்லயே நான் முதலாளி அம்மாகிட்ட கேட்டேன், இதுக்கு எதுக்கு சென்சார், ஓரமா ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்துடலாமேன்னு. டைரக்டர் மேஜைக்கு அடியில என் காலை மிதிச்சார். நம்ம பொழப்புல நாமளே மண்ணை அள்ளிப் போடலாமான்னு வெளிய வந்ததும் திட்டினார். அம்மாவும் யார்டுல ஒரு சைக்கிள் நிறுத்தக்கூட இடம் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. சரி, கொட்டகை இல்லைன்னு ஆச்சு, சென்சாராவது உருப்படியா இருக்கட்டும்னு நான் இறங்கினேன்.

தூங்கற ஆளுகிட்ட அசையறது மூச்சு மட்டும்தான். நெஞ்சு ஏறி இறங்கறது சில மில்லிமீட்டர். திறந்த வெளியில, தூசியில, காத்துல அதைக் கண்டுபிடிக்கணும். கேமரா வைச்சா ஒரே நாள்ல சேறு அப்பிக்கும். அதனால அலை அனுப்பி, அது பட்டுத் திரும்பறதை வைச்சு அசைவைக் கண்டுபிடிக்கிற மில்லிமீட்டர் அலை ரேடார்னு முடிவாச்சு. எந்த ரேடார்னுதான் சண்டை. மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி ஒவ்வொண்ணா வரவழைச்சுப் பார்த்து, கடைசியில ரெண்டு நின்னுது. ஒண்ணு டிபன் டப்பா சைஸுல வெள்ளைப் பொட்டி. இன்னொண்ணு கட்டைவிரல் நகம் அளவு. நான் பெரியவன், சின்னவன்னு பேர் வைச்சேன்.

பெரியவனுக்கு மங்கின பார்வை மாதிரி ஒரு குறை உண்டு. ஒண்ணுக்கொண்ணு ஒரு கை நீளத்துக்குள்ள எது இருந்தாலும் அவனுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே உருண்டை. எதுவோ அசையுதுன்னு சொல்லுவான், எது அசையுதுன்னு சொல்லத் தெரியாது. சின்னவன் விரல்கடை வித்தியாசத்தைக்கூடப் பிரிச்சுப் பார்ப்பான். இங்க ஆடறது துணி, அங்க ஏறி இறங்கறது நெஞ்சுன்னு தனித்தனியாச் சொல்லுவான். நான் அவனுக்குள்ள எழுதின புரோகிராமும் அதைத்தான் தேடும். சீரா ஏறி இறங்கற மூச்சு இருந்தா சிவப்பு, கன்னாபின்னான்னு ஆடற துணியா இருந்தா கண்டுக்காதே.

டைரக்டர் ரெண்டையும் கையில வைச்சுப் பார்த்தார். சின்னவனை மல்லாக்கப் போட்டுப் பார்த்துட்டு, இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா கஸ்டமர் நம்மளை என்ன நினைப்பாங்கன்னு கேட்டார். மார்க்கெட்டிங்காரர் பெரியவன் மேல எங்க லோகோவைப் பெரிசா ஒட்டலாம்னு எடுத்துக் கொடுத்தார். சின்னவன் மேல ஒரு எறும்பைத்தான் ஒட்ட முடியும், வாஸ்தவம். சரி, டெஸ்ட் பண்ணிப் பார்த்து முடிவு பண்ணுவோம்னு நான் சொன்னேன். அங்கதான் மச்சான் வந்தார்.

மச்சான்கிறது டைரக்டர் சம்சாரத்தோட தம்பி. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். அவருக்கு என்ன வேலைன்னு ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. டைரக்டர் மச்சான்னு கூப்பிடறதால ஆபீஸே மச்சான் சார்னு கூப்பிடும். ஆள் கெட்டவர் இல்ல, பாவம். சொன்னதைச் செய்வார். சொன்னதை மட்டும், சொன்ன மாதிரியே செய்வார். போன மழைக்கு ஜன்னலை மூடுன்னா மூடினார், கதவு வழியாத் தண்ணி வந்ததைப் பார்த்துக்கிட்டே நின்னார்.

ஆபீஸுக்குப் பின்னாடி ஒரு பழைய லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினோம். மேல போர்த்தின தார்ப்பாய் ரெண்டு பக்கமும் தொங்கிக்கிட்டு இருந்தது. மச்சானை அடியில படுக்கச் சொன்னாங்க. டைரக்டர் குனிஞ்சு, கல்லு மாதிரி கிடக்கணும், உடம்புல ஒரு அசைவு தெரியக்கூடாது, அசைஞ்சா டெஸ்ட் கெட்டுடும்னு மூணு தரம் சொன்னார். மச்சான் மூணு தரமும் தலையை ஆட்டினார்.

லைட்டைப் பார்த்தோம். பெரியவன் சிவப்பு. என் சின்னவன் பச்சை. மறுபடியும் வைச்சோம், அதே கதை. இடத்தை மாத்தினோம், மச்சானைப் புரட்டிப் போட்டோம், நாளை மாத்தினோம். அவன் எப்பவும் சிவப்பு, இவன் எப்பவும் பச்சை. எனக்கு மூஞ்சில ஈயாடல. டைரக்டர் என் தோள்ல தட்டி, சின்னதெல்லாம் சின்னதுதாம்மான்னு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலைத்தான் என்னால தாங்க முடியல.

ரெண்டு நாள் புரோகிராமை அக்குவேறு ஆணிவேறாப் பிரிச்சுப் பார்த்தேன். தப்பே இல்ல. என் நாற்காலியில சாஞ்சு, சின்னவனை எதிர்ல வைச்சுக்கிட்டு மூச்சு விட்டா டக்குன்னு சிவப்பு எரியுது. டைரக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாம விக்கப்போறது வெளியில வைக்க, உன் நாற்காலியில வைக்க இல்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டார். சரி, ஆள் இல்லாத லாரிக்கு அடியில ரெண்டையும் ஒரு தரம் வைச்சுப் பார்ப்போம், பெரியவன் அப்பவாவது பச்சை காட்டறானான்னு பார்ப்போம்னேன். ஆளே இல்லாத லாரியை டெஸ்ட் பண்ணி யாருக்கு என்ன பிரயோஜனம், நமக்கு மனுஷங்கதான் முக்கியம்னார். மார்க்கெட்டிங்காரர் அதைக் கேட்டுக் கண் கலங்காத குறை. அடுத்த வாரமே பெரியவனுக்கு ஆர்டர் போயிடுச்சு.

ஒரு நாள் மதியம் மச்சான் என் எதிர்ல உக்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். பேச்சுவாக்குல, டெஸ்ட் முடிஞ்சதே போதும்மா, முதல்ல எல்லாம் காது அடைச்சுக்கிட்டது, போகப்போகப் பழகிடுச்சுன்னார். லாரிக்கு அடியில படுத்தா காது ஏன் அடைக்கணும்னு எனக்குப் புரியல.

"என்ன பழகிடுச்சு மச்சான் சார்?"

"மூச்சைப் பிடிக்கிறதுதான். மாமா அசையக் கூடாதுன்னாரே. லைட் பார்த்தாச்சுன்னு குரல் கேட்டாத்தான் விடுவேன். ஸ்கூல்ல நான் நீச்சல்ல மெடல் வாங்கினவன்."

எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. அத்தனை டெஸ்ட்லயும் இந்த மனுஷன் மூச்சே விடல. வெளிய வரும்போதெல்லாம் மூஞ்சி கத்திரிக்காய் கலர்ல இருந்ததை நான்தான் வெயில்னு நினைச்சுக்கிட்டேன். சின்னவன் மூச்சைத் தேடியிருக்கான், மூச்சு இல்ல, இல்லைன்னு உள்ளதைச் சொல்லியிருக்கான். அப்ப பெரியவன் எதைப் பார்த்துச் சிவப்பு காட்டினான்? சாப்பாட்டை அப்படியே வைச்சுட்டுப் பின்னாடி ஓடினேன். லாரிக்கு அடியில ஒரு பூனைகூட இல்ல. காத்து அடிச்சுது, தார்ப்பாய் ஓரம் படபடன்னு ஆடிச்சு, பெரியவன் சிவப்பு. நான் தார்ப்பாயைக் கையால அழுத்திப் பிடிச்சேன், உடனே பச்சை.

டைரக்டரைக் கையோட இழுத்துக்கிட்டு வந்து காட்டினேன். ஆள் இல்லாமலே சிவப்பு எரியறதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்தியா, எவ்வளவு ஜாக்கிரதையான சென்சார்னார். மச்சான் மூச்சை அடக்கின கதையைச் சொன்னேன். அவன் மூச்சு விட்டானா இல்லையான்னு கஸ்டமர் கேக்கப் போறதில்ல, லைட் எரிஞ்சுதா இல்லையான்னுதான் கேப்பாங்கன்னார். காத்து நின்னுட்டா என்ன பண்ணுவீங்க, தார்ப்பாய் போடாத லாரிக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். முடிவு பண்ணின விஷயத்துல சும்மா நோண்டாதேன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டார்.

நேரா அண்ணன் வீட்டுக்குப் போனேன். இனிமேல் அடியில படுக்காதேன்னு அவன்கிட்ட கெஞ்சினேன். பொட்டி வரப்போகுதுல்ல, இனிமே பயமே இல்லைன்னு முதலாளி அம்மாவே சொல்லிட்டாங்களேன்னான். யார்டுல எல்லாரும் இப்ப இன்னும் நிம்மதியாப் படுக்கிறாங்களாம். பொட்டி இல்லாத காலத்துல டிரைவருங்க வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சாவது பார்ப்பாங்க. பச்சை எரிஞ்சா எவன் குனிவான்? அண்ணன் அப்பவும் அசைஞ்சு கொடுக்கல. அப்ப ஒரு உதவி பண்ணுன்னு கேட்டேன். டெமோ உன் லாரியிலதான் நடக்கும், தார்ப்பாயைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டிடுன்னேன். மீதியையும் சொன்னேன். முதல்ல முறைச்சான், அப்புறம் சிரிச்சான்.

டெமோ அன்னிக்கு யார்டே கூடிடுச்சு. அம்மா குடை பிடிச்சுக்கிட்டு முன்னாடி நின்னாங்க. டிரைவருங்க சுத்தி நின்னாங்க, நெட்டை கேட்டுகிட்ட கட்டையை ஊணிக்கிட்டு நின்னார். அண்ணன் கேபின்ல உக்கார்ந்திருந்தான். அவன் தார்ப்பாயைக் கட்டியிருந்த கட்டுல புயலே அடிச்சாலும் ஒரு நூல் ஆடாது. பெரியவன் லாரிக்கு அடியில லோகோவோட ஜம்முனு உக்கார்ந்திருந்தான். அவன் பக்கத்துல நான் சின்னவனையும் ஒட்டி, அவனுக்குத் தனியா ஒரு லைட்டை வெளிய இழுத்து வைச்சிருந்தேன். டைரக்டர் கவனிக்கல. சின்னதா இருக்கிறது எதுவும் அவர் கண்ணுல படாது, அந்த வகையில வசதி.

டைரக்டர் பேசினார். மனித உயிர்னு ஆரம்பிச்சு, உலகத்தரம் வழியா, எங்க கம்பெனியில வந்து முடிச்சார். அப்புறம் மச்சானைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மச்சான் சட்டைக் கையை மடிச்சு விட்டு, ஒரு பெரிய மூச்சை இழுத்துக்கிட்டு அடியில போய்ப் படுத்தார்.

எல்லாரும் லைட்டைப் பார்த்தாங்க. அண்ணன் கேபின்ல இருந்து தலையை வெளிய நீட்டினான். கையில சாவி.

"அம்மா, பச்சை எரியுது. வண்டியை எடுக்கட்டுமா?"

டைரக்டர் ஓடிப்போய் பெரியவனைத் தட்டினார். ஒயரை ஆட்டினார். இப்பதான் ஆன் பண்ணியிருக்கோம், கொஞ்சம் சூடாகணும்னார். பச்சை பச்சையாவே எரிஞ்சது. நான் குனிஞ்சு, மச்சான் சார் மூச்சை விடுங்கன்னேன். மச்சான் கண்ணை உருட்டி டைரக்டரைப் பார்த்தார். மாமா சொன்னாத்தான் விடுவாராம். கடைசியில டைரக்டரே விட்டுத்தொலைடான்னார். மச்சான் புஸ்ஸுன்னு விட்டு, மளமளன்னு வாங்கினார். பெரியவன் அப்பவும் பச்சை, தார்ப்பாய் அளவுக்கு ஆடினாத்தான் அவனுக்குத் தெரியும். பக்கத்துல என் சின்னவன் லைட் சிவப்பா எரிஞ்சது.

அம்மா அது என்ன லைட்னு கேட்டாங்க. நான் மறைக்காம எல்லாத்தையும் சொன்னேன், தார்ப்பாய், மூச்சு, நீச்சல் மெடல் உட்பட. டிரைவருங்க பக்கம் இருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியிலயே அடங்கிப்போச்சு. அவங்க படுக்கிற இடமாச்சே அது. அம்மா குடையை மடக்கினாங்க.

"டைரக்டர் சார், உங்க பெரிய பொட்டி மேல உங்களுக்கு நம்பிக்கைதானே? ஒரு தரம் நீங்க படுங்க. டிரைவர் வண்டியை எடுக்கட்டும்."

"அதுக்குத்தான் மச்சான் இருக்காரே மேடம்," டைரக்டர் பதில் கொடுத்தார்.

சத்தியமா அப்படித்தான் சொன்னார். யோசிக்கக்கூட இல்ல. மச்சான் அடியில இருந்து மெதுவா நகர்ந்து வெளிய வந்தார். முட்டியில ஒட்டின ஜல்லியைத் தட்டி விட்டார். நான் அவரைப் பார்த்த இத்தனை வருஷத்துல யாரும் சொல்லாம அவராச் செஞ்ச முதல் காரியம் அதுதான்.

"மாமா, நான் வீட்டுக்குப் போறேன். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அவ்வளவுதான். டைரக்டர் மேல லாரி ஏறியிருந்தாக்கூட முகம் அப்படிப் போயிருக்காது. மச்சான் விறுவிறுன்னு கேட்டைப் பார்த்து நடக்க, இவர் பின்னாடியே மச்சான் மச்சான்னு ஓடினார். நெட்டை கேட்டைத் திறந்து விட்டார். கூட்டம் கலைஞ்சதும் அண்ணன் கீழ இறங்கி, கையில இருந்த சாவியை என்கிட்ட கொடுத்தான். அது எங்க வீட்டு பீரோ சாவி. லாரி சாவி காலையில இருந்தே என் பையில இருந்தது.

அன்னிக்குச் சாயங்காலமே சின்னவனுக்கு ஆர்டர் போட்டாச்சு. டிரைவருங்க உசுரை நினைச்சு இல்ல, அன்னிக்கு ராத்திரி வீட்டுல சோறு கிடைக்கணும்னு. அடுத்த மீட்டிங்ல, சைஸைப் பார்த்து ஏமாறக்கூடாதுன்னு நான் முதல்ல இருந்தே சொல்லிக்கிட்டு இருக்கேன்னு டைரக்டர் எங்களுக்கே வகுப்பெடுத்தார். மார்க்கெட்டிங்காரர் தலையை ஆட்டினார். நான் ஜன்னல் வழியா வெளிய பார்த்துக்கிட்டு இருந்தேன், வேற என்ன பண்றது.

எல்லா லாரியிலயும் சின்னவனை மாட்டினோம். மாட்டின ஒரே வாரத்துல அம்மாகிட்ட இருந்து போன். உங்க சென்சார் ரொம்ப நல்லா வேலை செய்யுதுன்னு கத்தினாங்க. மதியம் ஆச்சுன்னா எல்லா லாரியிலயும் சிவப்பாம். தூங்கறவனை எழுப்பி, அவன் அட்டையைச் சுருட்டிக்கிட்டு வெளிய வர்ற வரைக்கும் எந்த வண்டியும் ஸ்டார்ட் ஆகாதாம். எந்த லோடும் நேரத்துக்குக் கிளம்பறதில்லையாம். டைரக்டர் போனைப் பொத்திக்கிட்டு, மூச்சைக் கொஞ்சம் கம்மியாக் கண்டுபிடிக்கிற மாதிரி மாத்த முடியுமான்னு என்னைக் கேட்டார்.

"மச்சான் சாரை வேணா டிரைவருங்களுக்கு ஒரு டிரெய்னிங் கொடுக்கச் சொல்லலாம் சார்," நான் சொன்னேன். அப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கல.

சைக்கிள் நிறுத்த இடம் இல்லாத யார்டுல அதே மாசம் கொட்டகை வந்துடுச்சு. அம்மா கார் நிறுத்தற இடத்துக்குப் பக்கத்துலயே வந்துடுச்சு. தகரக் கூரை, ரெண்டு ஃபேன், வரிசையா கட்டில். ஒரு மனுஷனோட கால் போனப்ப வராத கூரை, லோடு லேட்டானதும் ஓடி வந்துடுச்சு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறும். இப்ப லாரிக்கு அடியில யாரும் படுக்கிறதில்ல, எல்லா லைட்டும் பச்சை. எங்க சென்சார் வந்ததுல இருந்து ஒரு விபத்து கூட இல்லைன்னு டைரக்டர் வாசல்ல இன்னொரு போர்டு மாட்டியிருக்கார். முதல் போர்டை விடப் பெரிசு.

கொட்டகை திறந்த அன்னிக்கு அண்ணன் போன் பண்ணினான். ஃபேன் காத்துல பொணம் மாதிரி தூங்கினானாம். எனக்கு நெஞ்சுல இருந்த பாரம் இறங்கிச்சு, அவன்கிட்ட அதைச் சொல்லவும் சொன்னேன். நெட்டையைக் கூப்பிட்டீங்களான்னு கேட்டேன். முதல் கட்டிலே அவனுக்குன்னுதான் போட்டோம்னான்.

"வந்தாரா?"

"வரலை. பகல்ல கண்ணை மூடினா அவனுக்கு இன்ஜின் சத்தம் கேக்குதாம்."